அப்பாயி பாடின மெட்டை எங்கே தேடுவது?



சுவாமிமலைக்குப் போனா எங்க அப்பாயி அறுபது படியும் ஏறி முடிக்கிற வரைக்கும் ஒரு திருப்புகழை விடாம பாடும். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைச்சுது: பாட்டு வரி நெட்ல இருக்கு, அந்த மெட்டு எங்கேயும் இல்ல. என் போன்ல ஆயிரக்கணக்குல போட்டோ, அப்பாயி குரல் ஒண்ணுகூட இல்ல.

தஞ்சாவூர் அரண்மனைக்குள்ள சரஸ்வதி மகால் நூலகம் இருக்கே, அங்கிருந்து தேடலாம்னு ஆரம்பிச்சேன். நாயக்கர் காலத்துச் சேகரிப்பு, இரண்டாம் சரபோஜி (1798–1832) பெருக்கினது. "முருகன் பாட்டு"ன்னு தேடினா போதும்னு நினைச்சது என் தப்பு. அங்கே சுவடிப் பட்டியல்கள் மொழிவாரியா தனித்தனி. அரண்மனைச் சங்கீதமோ பெரும்பாலும் தெலுங்கு, சமஸ்கிருதம், மராத்தி. மொழி ஒண்ணு, எழுத்து வேற ஒண்ணாகவும் இருக்கும். நம்ம பாஷைல சொன்னா ரெண்டும் தனித்தனி காலம்.

திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதரையே எடுத்துக்குங்க. முதல் கீர்த்தனை திருத்தணி முருகன் மேல, முத்திரை "குருகுஹ". அவர் தம்பி வழி வந்த சுப்பராம தீட்சிதர் 1904-ல எட்டயபுரத்துல 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் அவற்றை ஸ்வரத்தோட அச்சிட்டார், தெலுங்கு எழுத்துல! தமிழ் எழுத்துப் பதிப்பைச் சென்னை மியூசிக் அகாடமி பின்னாடி கொண்டு வந்தது. "முருகன்"னு தேடினா இது எப்படிச் சிக்கும்? குருகுஹ, சுப்ரமண்ய, கார்த்திகேய எல்லாத்தையும் போட்டுப் பாருங்க.

திருப்புகழ் கதை வேற. வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊரா ஏடு தேடி 1894-ல முதல் தொகுதியை அச்சிட்டார். அவர் இல்லேன்னா நமக்கு வரியே கிடைச்சிருக்காது. சந்தம் எழுத்துக்குள்ளேயே இருக்கறதால தாளத்தைப் பிடிச்சிடலாம். ராகம் அப்படி இல்ல, அது பாடறவங்க தொண்டையிலதான் வந்திருக்கு. அதனால ஏட்டை விட்டுட்டு ஒலிப்பதிவுக் காப்பகத்துக்குப் போகணும். 1982-ல தொடங்கின இசைக் காப்பகம் ஒண்ணு குர்கானில் இருக்கு, அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் நடத்துது. இந்த மாதிரி இடத்துல பாட்டுப் பேரை மட்டும் நம்பாதீங்க. பதிவு செஞ்சவர் பேர், ஊர், வருஷம், இதை வச்சுத்தான் டேப்பைப் பிடிக்க முடியும்.

அப்பாயி மெட்டு இன்னும் கிடைக்கல. போன வாரம் அத்தையை உட்கார வச்சுக் கேட்டேன், முதல் ரெண்டு அடி ஞாபகம் வந்துச்சு. ரெக்கார்ட் பண்ணி, பாடினவங்க, ஊர், தேதி, யார்கிட்ட கேட்டுப் பழகினதுன்னு எல்லாம் கூடவே எழுதி வச்சிருக்கேன். மூணாவது அடிக்கு, அப்பாயியோட சுவாமிமலை வந்த கிழவிங்க யாராவது இருக்காங்களான்னு தேடிக்கிட்டிருக்கேன்.