தயிர்ச் சட்டியும் சேலையும்: பரிசைச் சுற்றும் முறை



மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றில் நடந்த சடங்கு வீட்டுக்குப் போயிருந்தோம். பெண்பிள்ளையின் தாய்மாமன் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்பவர். அவரும் எங்களோடுதான் பஸ்ஸில் வந்தார். பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை என்று மலையைச் சுற்றி வரும் ஏ5 வீதி செங்கலடியில் போய் முடிகிறதல்லவா, அந்த வழிதான்.

அவர் கொண்டு வந்தது ஒரு சேலை, ஒரு கிலோ தேயிலை, பிள்ளைக்கு ஒரு குடை. மூன்றும் கசங்கிய சொப்பிங் பேக் ஒன்றில் கிடந்தன. பந்தலில் மற்றவர்கள் தட்டுத் தட்டாகச் சீர் வைக்கும்போது, நம்ம ஆள் பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கொண்டார். கேட்டால், "அது சும்மா பைதானே சேர், பிறகு குடுப்பம்" என்றார். சீட்டுக் கட்டி வாங்கிய சேலை அது.

அந்த வீட்டு மூதாட்டி இதைக் கண்டுவிட்டார். "இதை ஏன் மனே ஒளிச்சு வெச்சிருக்காய்? கொண்டா இங்க" என்று பையை வாங்கிப் போனார். கால் மணி நேரத்தில் அதே மூன்று பொருளும் சபைக்கு வந்தன. காசு கொடுத்து வாங்கிய தாள் ஒரு துண்டும் இல்லை. அவர் செய்ததையும், பிறகு நாங்கள் வீட்டில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் சேலை. துணி தானாக நிற்காது. அதனால்தான் தாளில் சுற்றினால் பொட்டலம் மாதிரி ஆகிவிடுகிறது. பழைய காட்போட் பெட்டியில் ஒரு மட்டை வெட்டி, சேலையை அதன்மேல் மடித்து வையுங்கள். இப்போது அதற்கு நான்கு மூலை வந்துவிடும். மூதாட்டி இந்த மட்டையைப் பனையோலைப் பெட்டிக்குள் வைத்து, கரை வெளியே தெரியும்படி விட்டார். ஓலைப் பெட்டி கிடைக்காதவர்கள் பிரவுண் பேப்பரில் சுற்றலாம். தை மாதம் பிள்ளைகளின் கொப்பிக்கு உறை போடுகிற கைதானே, பழக்கம் இருக்கும்.

பெட்டி வடிவப் பொருளுக்குத் தாளை வெட்டுமுன் நூலால் அளக்க வேண்டும். பெட்டியைக் குறுக்கே ஒரு சுற்றுச் சுற்றி வரும் அளவோடு ஓர் அங்குலம் கூட்டினால் தாளின் ஒரு பக்கம். பெட்டியின் நீளத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் மறுபக்கம். 10 அங்குல நீளம், 6 அகலம், 4 உயரம் என்றால் 21க்கு 16 அங்குலத் தாள் போதும். பலர் பெரிய தாளாக எடுத்து, இரண்டு தலைப்பிலும் மிச்சத்தைத் திணிக்கிறார்கள். அங்கேதான் தடித்துப் போய் அசிங்கமாகிறது. தலைப்பில் முதலில் இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, நகத்தால் அழுத்தி, பிறகு மேல் மடிப்பையும் கீழ் மடிப்பையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். அவசரப்பட்டு எல்லா இடமும் செலோடேப் ஒட்ட வேண்டாம். மூன்று துண்டு போதும்.

தேயிலை தனி விஷயம். நம் கையால் பறித்தது என்பதால் சொல்கிறோம்: தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக் கொள்ளும். வாசனைத் தாள், ஈரப் பசை, சவர்க்காரம், கருவாடு எதுவும் அதோடு சேரக் கூடாது. மூடி இறுக்கமான டின்னில் போட்டு, டின்னுக்கு மேல்தான் அலங்காரம். டின்னையும் போத்தலையும் சுற்ற, தாளைக் கடலைச் சுருள் போல உருட்டாமல் நேராக உருட்டி, அடிப்பக்கத்தைச் சின்னச் சின்னக் கொசுவமாக ஒரே திசையில் மடித்துக் கொண்டே போங்கள். கடைசி மடிப்புக்கு மட்டும் பசை. தேன் போத்தல் என்றால் மேலே நான்கு விரல் தாள் விட்டுக் கழுத்தில் நூலால் கட்டினால் சரி.

குடைக்கு ஒன்றும் பெரிய வேலையில்லை. துணியில் உருட்டி இரண்டு இடத்தில் ரிபன் கட்டினார், அவ்வளவுதான்.

உருண்டைப் பொருள்தான் ஆளைச் சோதிக்கும். திரும்பி வரும்போது எங்களுக்கு எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று கொடுத்தார்கள். மட்டக்களப்புத் தயிரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "சும்மாடு வெச்சுக் கட்டித் தாறன்" என்று மூதாட்டி சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நாங்கள்தான் பையில் போட்டுக் கொண்டு கிளம்பினோம். பிபிலை தாண்டுவதற்குள் சட்டி உடைந்து, தயிர் எங்கள் காற்சட்டையில்! புத்திமதி சொல்லுகிற உத்தியோகத்தர் நிலை அப்படி.

அவர் சொன்ன முறை இதுதான். துணியை முறுக்கிச் சும்மாடு செய்து அதன்மேல் சட்டியை வைக்க வேண்டும். சட்டி வாயின் அகலத்தைப்போல மூன்று மடங்கு பக்கமுள்ள சதுரத் துணியை விரித்து, நடுவில் இரண்டையும் வையுங்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டை மேலே கொண்டு வந்து கட்டி, மற்ற இரண்டையும் அதற்கு மேல் கட்டுங்கள். இரண்டாவது முடிச்சு கைபிடியாகிவிடும். முடிச்சுப் போடும்போது முதலில் வலது முனை மேலே, அடுத்து இடது முனை மேலே. இரண்டு தரமும் ஒரே பக்கத்து முனை மேலே வந்தால் வழியில் அவிழும். பந்து, பழம், மண் உண்டியல் எல்லாவற்றுக்கும் இந்தக் கட்டு பொருந்தும்.

ஜப்பானியர் இப்படித் துணியில் கட்டுவதை ஃபுரோஷிகி என்கிறார்கள். தாளும் பொலித்தீனும் வீணாவதைக் குறைக்க 2006இல் அந்நாட்டுச் சுற்றாடல் அமைச்சரே இதை மக்களுக்கு எடுத்துச் சொன்னார். நம் நாட்டிலும் லஞ்ச் ஷீட்டை 2017 செப்டெம்பர் 1 முதல் தடை செய்தார்கள். பலகாரம் கொண்டு போக வாழையிலையை அனலில் லேசாக வாட்டி எடுத்தால் கிழியாமல் மடியும். வாழைநாரால் கட்டலாம்.

சுற்றி முடித்த பிறகு விலைச் சீட்டு ஞாபகம் வந்து பிரிக்கிறவர்கள் உண்டு. அதை முதலிலேயே எடுத்துவிடுங்கள். பெயரை வெளியே மட்டும் எழுதாமல் உள்ளேயும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். சடங்கு வீட்டில் மேல் தாள் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஓலைப் பெட்டியில் மூதாட்டி கஜு போட்டுத் தாய்மாமனிடமே கொடுத்து அனுப்பினார். பொங்கலுக்கு அவர் அதில் தேயிலை டின் வைத்து அனுப்பினாராம். சித்திரையில் பெட்டி மறுபடி தோட்டத்துக்கு வந்துவிட்டது. உள்ளே பனங்கட்டி இருந்தது. எங்களுக்கும் இரண்டு துண்டு கிடைத்தது.