அந்நிய தேசத்தில் ஏழு நாள்

வேதபகுதி: அப்போஸ்தலர் 19:8-10, 23-41

 இந்த மாத வேதபாடத்தை ஒரு அறிக்கையோடு ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. 2023 ஜூன் இதழில், இலங்கைக்குப் போய் வந்த ஊழியத்தைப்பற்றி எழுதும்போது, ஒரே கூட்டத்தில் 43 ஆத்துமாக்கள் கர்த்தரை ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தேன். நீங்களும் வாசித்து ஸ்தோத்திரம் சொன்னீங்க. அந்தக் கணக்கு சரியல்ல. எப்படிச் சரியல்ல என்பதுதான் இந்தப் பாடம்.

நம்ம கே.கே. நகர் சபையிலிருந்து ஏழு பேர் போனோம். பள்ளிக்கூட விடுமுறை, எனக்கும் ஆபீஸில் லீவு கிடைத்தது. மே 2, செவ்வாய்க்கிழமை கட்டுநாயக்காவில் இறங்கினோம். மீனம்பாக்கத்திலிருந்து ஒன்றரை மணி நேரம்தான், திருச்சிக்குப் போகிற நேரம்கூட ஆகாது. அங்கிருந்து குருநாகல் பக்கம் ஒரு சிங்களக் கிராமம். எங்களை ஏற்றுக்கொண்ட போதகர் சிங்களவர், வயது அறுபதுக்கு மேல். அவருடைய மனைவி மலையகத் தமிழ் அம்மா. இருபத்தைந்து பேர் கூடுகிற வீட்டுச் சபை, அதுவும் வாடகை வீடு.

முந்தின வருஷம், 2022-ல், அந்த தேசம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். கேஸுக்கு வரிசை, பெட்ரோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. நாங்கள் போனபோதும் பெட்ரோல் க்யூஆர் கோடு காட்டினால்தான், வாரத்துக்கு இவ்வளவு என்று அளவு. நம்முடைய ஒரு ரூபாய்க்கு அங்கே ஏறக்குறைய நாலு ரூபாய். அதனால் நம்ம சபையார் கொடுத்த காணிக்கை அங்கே பெரிய தொகையாகத் தெரிந்தது. எங்களுக்கும் கொஞ்சம் பெரிய ஆள் போலத் தோன்றிவிட்டது, ஒளிக்காமல் சொல்லுகிறேன்.

முதல் நாள் விடியற்காலை நாலரைக்கு வழக்கம்போல எழுந்து சத்தமாய்த் துதிக்க ஆரம்பித்தோம். ஐந்து நிமிஷத்தில் அந்த அம்மா கதவைத் தட்டி, "பாஸ்டர், கொஞ்சம் மெதுவா ஜெபிங்க, பக்கத்து வீட்டுல கேக்கும்" என்றார்கள். எனக்கு வருத்தம். அப்பால் விகாரையில் ஒலிபெருக்கியில் பிரித் ஓதுகிறார்களே, நாம் மட்டும் வாயை மூடவேண்டுமா என்று நினைத்தேன். அந்த வீட்டில் அவர்கள் எத்தனை வருஷம் மெதுவாக ஜெபித்து அந்த இருபத்தைந்து பேரைக் காத்திருக்கிறார்கள் என்று நினைக்கவில்லை.

காலையில் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல். சாயங்காலம் பால் இல்லாத தேநீர், சீனிக்குப் பதிலாக உள்ளங்கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி, கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். பகலில் வீடு சந்திப்பு. பிக்குவைக் கண்டால் ஒதுங்கி நின்று வணங்க வேண்டும், "ஹாமுதுருவோ" என்று மரியாதையாய்ச் சொல்லவேண்டும், சகோதரிகள் கைகொடுக்கக் கூடாது, புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் போட்டோ எடுக்கக் கூடாது என்று போதகர் முதலிலேயே சொல்லிவிட்டார். 2014-ல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் பெண்ணை விமான நிலையத்திலேயே பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். 2017-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது தவறு என்று நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது, அது வேறு விஷயம்.

வியாழக்கிழமை இரவு வீட்டுக் கூட்டத்தில் யோவான் 3-ம் அதிகாரத்தை எடுத்தேன். மறுபடியும் பிறக்க வேண்டும் என்று முழங்கினேன். மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அம்மா நின்றுவிட்டார்கள். "பாஸ்டர், இதை இப்படியே சொல்லட்டா?" என்றார்கள். ஏன் என்றேன். "இவங்க இனி பிறக்கவே கூடாதுன்னுதான் சில் எடுக்கிறாங்க. நீங்க மறுபடியும் பிறக்கணும்னா, அது நல்ல செய்தியா இவங்களுக்கு?" என்றார்கள்.

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா படித்தவன் நான். யோவான் 3-ஐ எத்தனை தரம் பிரசங்கித்திருப்பேன்! இந்தக் கேள்வி ஒரு நாளும் வரவில்லை. பௌத்தர்களுக்குப் பிறப்பு ஒரு வட்டம். அதிலிருந்து விடுபடுவதுதான் நிர்வாணம். நித்திய ஜீவன் என்றால்கூட, ஓயாத பிறவி என்று அவர்கள் காதில் விழக்கூடும். உலகத்தைப் படைத்த தேவன் என்ற எண்ணம் அவர்களுடைய உபதேசத்தில் இல்லை. தேவர்கள் உண்டு, ஆனால் அவர்களும் கர்மத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள். பாவத்துக்கு அவர்கள் சொல்லுகிற வார்த்தை நம்முடையதைப் போலவே ஒலிக்கும். அதன் பொருளோ, ஒரு பரிசுத்த தேவனுக்கு விரோதமாய்ச் செய்தது அல்ல, பலன் தந்தே தீரும் தீய செய்கை என்பதுதான். பவுல் அத்தேனேயில் முதலில் சுற்றிப் பார்த்தான், அவர்கள் வழிபடுகிறவைகளைக் கவனித்தான், பிறகுதான் மேடை ஏறினான் (அப். 17:23). நான் பார்க்காமலே ஏறிவிட்டேன்.

மறுநாள் மே 5, வெள்ளிக்கிழமை, வெசாக் பௌர்ணமி. ஊரே வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போனது. வழிநெடுகக் காகிதக் கூடு விளக்குகள். மதியம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு வாலிபர்கள் பஸ்ஸை நிறுத்தி நிறுத்திச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு 'தன்சல்' என்று பெயர். எங்களையும் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். எந்த ஊர், என்ன மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. சோறு, இரண்டு கறி, வற்றல். இரண்டாம் தரமும் போட்டார்கள். பஞ்சத்திலிருந்து இன்னும் முழுசாய் எழும்பாத ஜனங்கள் கொடுத்த சோறு அது. சாப்பிட்டுக் கை கழுவி வந்தோம்.

பார்த்தும் புத்தி வரவில்லை. சனிக்கிழமை எங்கள் கூட்டம். அதுவும் வெசாக் விடுமுறை நாள்தான். நாற்பது மூட்டை தயார் பண்ணியிருந்தோம்: ஐந்து கிலோ அரிசி, பருப்பு, பால்மா, சீனி. போதகர் வேண்டாம் என்றார். "பொருளைக் கொடுத்துவிட்டுப் போங்கள், கிராம சேவகரிடம் சொல்லி, யாருக்குத் தேவையோ அவர்களுக்கு நான் பிறகு கொடுக்கிறேன், கூட்டத்தோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள்" என்று கெஞ்சாத குறையாய்ச் சொன்னார். நாங்களோ, சபையாருக்குக் காட்ட வீடியோ வேண்டுமே, காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்லவேண்டுமே என்றோம். முதலில் பாட்டு, பிறகு செய்தி, பிறகு கை உயர்த்தி ஜெபம், கடைசியில் மூட்டை. உயர்ந்த கைகளை எங்கள் தம்பி ஒருவர் எண்ணினார். நாற்பத்துமூன்று. மூட்டை நாற்பது. மூன்று பேருக்கு ரூபாயாய்க் கொடுத்தோம்.

மூட்டை வாங்க வந்தவர்கள் கையை உயர்த்தச் சொன்னால் உயர்த்தாமல் என்ன செய்வார்கள்? யோவான் 6-ல் இயேசு ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தபோது யாரிடமும் கை உயர்த்தச் சொல்லவில்லை. மறுநாள் அப்பத்துக்காகத் தேடி வந்தவர்களிடம் அதை நேராகவே சொல்லிவிட்டார். நாங்கள் அதைத் தலைகீழாய்ச் செய்து, படமும் பிடித்தோம்.

திங்கட்கிழமை ஊர் திரும்பினோம். பத்து நாள் கழித்து அந்த அம்மா போன் பண்ணினார்கள். அடுத்த ஞாயிறு அந்த 43 பேரில் ஒருவரும் வரவில்லை. வழக்கமாய் வருகிற இருபத்தைந்து பேரில் ஒன்பது பேர் வரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் வந்து, வெசாக்கில் அரிசி கொடுத்து மதம் மாற்றினீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அதே மே மாதம் ஒரு பிரசங்கியார் புத்தரைப்பற்றிப் பேசியது பெரிய கலக்கமாகி வழக்கு வரைக்கும் போனது. அந்தக் காற்றும் சேர்ந்து அடித்தது. அம்மா எங்கள்மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை. "ஜெபிச்சுக்குங்க பாஸ்டர்" என்று மட்டும் சொன்னார்கள். ஆனால் அதற்குள் ஜூன் இதழ் அச்சுக்குப் போய்விட்டது. நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை.

தேவ பிள்ளைகளே, அரிசிக்கும் ஞானஸ்நானத்துக்கும் உள்ள கணக்கு அந்த ஜனங்களுக்குப் பழைய கணக்கு. டச்சுக்காரர் ஆண்ட நாளில் ஞானஸ்நானம் பெற்றுப் பதிவு பண்ணினால்தான் உத்தியோகம், சொத்துரிமை. பிரிட்டிஷார் வந்து அந்தக் கட்டாயம் போனவுடன் பேர்க்கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாய் விகாரைக்குத் திரும்பினார்கள். 1873 ஆகஸ்டில் பாணந்துறையில் குணானந்த தேரருக்கும் மிஷனெரிமார் பக்கத்தாருக்கும் ஆயிரக்கணக்கானோர் முன்னால் இரண்டு நாள் விவாதம் நடந்தது. நம்மவர்கள் வாக்குவாதத்தில் ஜெயிக்கலாம் என்று போனார்கள். அந்த விவாதத்தின் அறிக்கையை அமெரிக்காவில் வாசித்த கர்னல் ஆல்காட் 1880-ல் காலியில் வந்து இறங்கிப் பௌத்தத்தைத் தழுவினார், பௌத்தப் பள்ளிக்கூடங்களைக் கட்ட எழுப்பிவிட்டார். அவருடைய பிரம்மஞான சபையின் தலைமையிடம் எங்கே? நம்ம அடையாறில்தான், 1882-லிருந்து. பஸ்ஸில் போகிறபோது பார்க்கிற அந்த மரத்தோப்பு.

இன்னொரு காரியம். நாங்கள் போனது சுற்றுலா விசாவில். மத ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கு அங்கே வேறு விசா. எங்களுக்குத் தெரியும். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். நம்ம தேசத்திலும் சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கிக்கிற வெளிநாட்டாரைத் திருப்பி அனுப்புகிறார்கள். மாட்டியிருந்தால் எங்களுக்கு ஒரு விமான டிக்கெட் செலவு, போதகருக்கோ போலீஸ் விசாரணை. 1978 அரசியலமைப்பின் 9-ம் பிரிவு பௌத்தத்துக்கு முதலிடம் கொடுக்கிறது, 10-ம் பிரிவு தான் விரும்பின மதத்தைத் தழுவுகிற சுதந்திரத்தையும் கொடுக்கிறது. ஆனால் மதத்தைப் பரப்புவது தனி உரிமை அல்ல என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த நடுவான இடத்தில்தான் அந்தப் போதகர் நாள்தோறும் நடக்கிறார்.

இப்போது அப். 19-ஐத் திறங்கள். எபேசுவில் தியானாளுக்காகப் பட்டணமே கொந்தளிக்கிறது. அதை அமர்த்தியவன் யார்? பட்டணத்துச் சம்பிரதி. விசுவாசி அல்ல. அவன் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள் (வச. 37): இந்த மனுஷர் கோவிலைக் கொள்ளையடிக்கவும் இல்லை, உங்கள் தேவியைத் தூஷிக்கவும் இல்லை என்று சாட்சி கொடுக்கிறான். பவுல் விக்கிரகத்தை ஒப்புக்கொண்டவன் அல்ல, கைகளால் செய்யப்பட்டவை தேவர்கள் அல்ல என்று போதித்தவன் (வச. 26). ஆனாலும் புறமதத்து அதிகாரி அவனுக்காக வாய் திறக்கிறான். எதனால்? பவுல் அங்கே மூன்று வருஷம் இருந்தான் (20:31), தன் கைகளால் வேலை செய்து சாப்பிட்டான் (20:34). ஊரார் அவனை அறிந்திருந்தார்கள். எங்களை அந்தக் கிராம சேவகர் அறியார். அவர் எங்களுக்காக என்ன சாட்சி சொல்லியிருப்பார்?

இலங்கையில் பெந்தெகொஸ்தே எழுப்புதலும் ஏழு நாளில் வந்ததல்ல. கேரளத்திலிருந்து சிறுவனாய் அங்கே வேலைக்குப் போன ராமன்குட்டி, பாஸ்டர் பால் ஆகி, 1920-களில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். அங்கிருந்துதான் அந்த ஊழியம் நம்ம தமிழ்நாட்டுக்கு வந்தது. அதற்கும் முன்னால், 1814-ல் இலங்கையில் இறங்கிய வெஸ்லியன் மிஷனெரிகளில் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச், யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டு 1817-ல் சென்னைக்கு வந்தார். நாம் அவர்களுக்குக் கொண்டுபோனதைவிட, அவர்கள் கரையிலிருந்து நமக்கு வந்தது அதிகம்.

போன வருஷம் நான் மட்டும் போனேன். பிரசங்கிக்க அல்ல, மன்னிப்புக் கேட்க. போதகர் இப்போது வேறு வீட்டில் இருக்கிறார், பஸ் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. பதினாறு பேர் கூடுகிறார்கள். அந்த 43 பேரில் ஒரு அம்மா, மூட்டை கிடைக்காமல் ரூபாய் வாங்கினவர், அந்த ரூபாயைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் வந்தாராம். போதகர் வாங்கவில்லை. தேநீர் கொடுத்தார். அந்த அம்மா சில ஞாயிறுகளில் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறார். கை உயர்த்தச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

"இனிமே ஏழு பேர் வராதீங்க பாஸ்டர். ஒருத்தர் வாங்க, சரியான விசா எடுத்துட்டு வாங்க, சிங்களம் கொஞ்சம் படிச்சுட்டு வாங்க" என்றார்கள் போதகரம்மா. நம்ம சபையில் எலக்ட்ரீஷியன் வேலை செய்கிற சகோதரன் ஒருவர் ஆறு மாதமாய்ப் படிக்கிறார். எழுத்து வந்துவிட்டது, பேச்சுதான் தடுமாறுகிறது. அவருக்காக ஜெபியுங்கள். வாடகைக்கென்று மாதந்தோறும் அனுப்புகிற காணிக்கையில் பேர் போடவேண்டாம் என்று போதகர் கேட்டிருக்கிறார், அதனால் பட்டியல் இந்த இதழில் வராது. வியாழக்கிழமை ஏழு மணிக்கு அப். 19-ஐத் தொடருவோம். வேதாகமத்தோடு வாங்க.