பகலில் தெரியும் கேமரா இரவில் அணைவது ஏன்?

கோட்டைப்பட்டினம் கடலோரப் பகுதியில் மோட்டார் கொட்டகைக்கும் இறால் குட்டைக்கும் காவலாக வீடியோ கேமரா பொருத்துவோர் உண்டு. பகலில் படம் நன்றாகத் தெரியும். இருட்டியதும் விட்டு விட்டு அணையும். திருட்டுப் போகும் நேரத்தில் கண் மூடும் காவலால் பயனில்லை. ஆயினும் புதுக் கேமரா வாங்கும் முன் மின்சாரம் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று சோதிப்பது நல்லது.

காரணம்: இவ்வகைக் கேமராக்களில் பெரும்பாலானவை 12 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் இயங்குபவை. இருட்டியதும் இவற்றிலுள்ள அகச்சிவப்பு விளக்குகள் தாமே எரிவதால் மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படும். ஒயர் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால், கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதது போல, கேமராவுக்கு வோல்ட் எட்டாது. உதாரணமாக, 0.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 100 மீட்டர் தூரம் சென்றால், பகலில் 0.2 ஆம்பியருக்கு சுமார் 1.4 வோல்ட் இழப்பாகும். இரவில் 0.5 ஆம்பியருக்கு 3.6 வோல்ட் இழப்பாகும். கேமராவுக்குக் கிடைப்பது 8.4 வோல்ட் மட்டுமே.

சோதிக்கும் முறை: கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, இரவில், மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். கேமராவைக் கழற்றிவிட்டு அளந்தால் குறை தெரியாது. 12 வோல்ட் என்றே காட்டும்.

1. அடாப்டர் முனையிலேயே வோல்ட் வெகுவாகக் குறைந்தால் அடாப்டரை மாற்றவும். புதிய அடாப்டரில் ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம். வோல்ட் கூடக் கூடாது.

2. அடாப்டரில் 12 இருந்து, கேமரா முனையில் குறைந்தால் கோளாறு ஒயரிலோ இணைப்பிலோ உள்ளது. 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டால் மேற்கண்ட இழப்பு சுமார் 1.2 வோல்ட்டாகக் குறையும்.

3. உப்புக் காற்றில் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அந்தப் பகுதியை வெட்டியெறிந்து, புதிதாக இணைத்து, நீர் புகாத பெட்டிக்குள் வைக்கவும். பெட்டிக்குள் நுழையும் முன் ஒயரைச் சற்றுத் தாழ்வாக வளைத்துவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

எச்சரிக்கை: அடாப்டரைக் கழற்றும் முன் மெயின் சுவிட்சை அணைக்கவும். 230 வோல்ட் ஒயரைக் குட்டைக்கரைக்குக் கொண்டு செல்ல வேண்டாம். அடாப்டரைக் கொட்டகைக்குள் வைத்து, 12 வோல்ட்டை மட்டும் வெளியே அனுப்புவதே உயிருக்குப் பாதுகாப்பு.