கரைக்கு ஒரு விதி, கப்பலுக்கு ஒரு விதி

நம்பிக்கை: பயணக் காப்பீடு எடுத்துவிட்டால், பெருந்தொற்றுத் தடையால் சொகுசுக் கப்பல் பயணம் கெட்டுப்போனாலும் கட்டிய பணம் திரும்பிவிடும்.

உண்மை: பெரும்பாலும் திரும்பாது. திரும்பினாலும், அது பல நேரம் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டிய பணமாக இருக்காது. காப்பீடு என்பது எதிர்பாராமல் சிலருக்கு நேரும் இழப்பை, அது நேராத பலருடைய பிரீமியத்திலிருந்து ஈடுகட்டும் ஏற்பாடு. ஆயிரம் பேரில் நாலு பேருக்குக் கால் முறியும், ஒருவருக்கு மாரடைப்பு வரும் என்ற கணக்கின் மேல்தான் அது நிற்கிறது. பெருந்தொற்றில் ஆயிரம் பேரின் பயணமும் ஒரே நாளில் ரத்தாகும்போது அந்தக் கணக்கு உடைந்துபோகிறது. ‘பெருந்தொற்றால் ஏற்படும் இழப்புக்குப் பொறுப்பில்லை’ என்ற வரி 2020-க்கு முன்பே பல பாலிசிகளில் இருந்ததற்குக் காரணம் இதுதான். பொடி எழுத்தில் இருந்ததால் கண்ணில் படவில்லை. படிக்க முடியாத அளவில் அச்சடித்தது நிறுவனங்களின் குற்றம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வரி புதிதாக முளைத்ததல்ல.

அந்த வரி இல்லாத பாலிசியிலும் தேதி குறுக்கே வந்து நிற்கும். 2020 ஜனவரி 30 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா தொற்றுக்காகச் சர்வதேச அவசரநிலையை அறிவித்தது. பிப்ரவரி தொடக்கத்தில் ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பல் யோகோஹாமா துறைமுகத்தில் 3,711 பேரோடு முடக்கப்பட்டது. அவர்களில் 700-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. அதே மாதம் ‘வெஸ்டர்டாம்’ கப்பலுக்கு ஜப்பான், தைவான், குவாம், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து என ஒவ்வொன்றாகக் கைவிரிக்க, கடைசியில் பிப்ரவரி 13 அன்று கம்போடியாதான் இடம் கொடுத்தது. இவ்வளவும் செய்தியான பிறகு பாலிசி வாங்குபவருக்குக் கொரோனா, காப்பீட்டு மொழியில், ‘முன்பே தெரிந்த நிகழ்வு’. கூரை எரியத் தொடங்கிய பிறகு யாரும் தீக் காப்பீடு விற்க மாட்டார்கள். ஒரே கப்பலுக்கு ஒரே நிறுவனத்தில் பாலிசி எடுத்த இருவரில், டிசம்பரில் எடுத்தவருக்குக் கிடைப்பது மார்ச்சில் எடுத்தவருக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான்.

இதைவிட அதிகம் பேரைக் குழப்பக்கூடியது பிரிட்டனில் நடந்தது. 2020 ஜூலை தொடக்கத்தில் பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் பல நாடுகளுக்கான பயண எச்சரிக்கையைத் தளர்த்தியது. ‘ஸ்பெயினுக்குப் போகலாம் என்றால், ஸ்பெயினைச் சுற்றும் கப்பலிலும் போகலாம்தானே?’ என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஜூலை 9 அன்று அதே அலுவலகம், கடல்வழி சொகுசுக் கப்பல் பயணமே வேண்டாம் என்று தனியாக அறிவுறுத்தியது. படகுப் போக்குவரத்தான ஃபெர்ரிக்கு அது பொருந்தாது; இரவு தங்கி உல்லாசமாகச் செல்லும் கப்பலுக்குப் பொருந்தும். அதாவது அப்போது பார்சலோனாவுக்கு விமானத்தில் போனால் பாலிசி உயிரோடிருக்கும். அதே பார்சலோனாவுக்குச் சொகுசுக் கப்பலில் போனால் செத்துவிடக்கூடும். வெளிநாட்டுக் கப்பல் பயணங்களுக்கான இந்த அறிவுரை விலகியது 2021 ஆகஸ்ட் 2 அன்றுதான், ஓராண்டுக்கும் மேலாகி.

‘அறிவுரைதானே, சட்டமில்லையே’ என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. அறிவுரையை மீறினால் போலீஸ் பிடிக்காது. ஆனால் பிரிட்டனில் விற்கப்படும் பல பாலிசிகளில், அரசு வேண்டாம் என்று சொன்ன பயணத்துக்குக் காப்பீடு செல்லாது என்ற நிபந்தனை உண்டு. அரசின் அறிவுரை அப்படி ஒப்பந்தத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கொரோனாவுக்கும் கிளெய்முக்கும் சம்பந்தமே இல்லாமல், கப்பல் படியில் வழுக்கி இடுப்பு உடைந்தாலும் நிறுவனம் கையை விரிக்க அது இடம் கொடுக்கும்.

கப்பலையே நிறுவனம் ரத்து செய்துவிட்டால்? அப்போது நீங்கள் தட்ட வேண்டிய கதவே வேறு. பிரிட்டனின் 2018-ஆம் ஆண்டு தொகுப்புப் பயண விதிகளின்படி, ஏற்பாட்டாளர் பயணத்தை ரத்து செய்தால் 14 நாளுக்குள் முழுப் பணத்தையும் அவரே திருப்பித் தர வேண்டும். அடுத்த பயணத்துக்கு வவுச்சர் தருகிறோம் என்பதை ஏற்பதும் மறுப்பதும் பயணியின் விருப்பம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையான கொள்முதலில் வங்கியையும் பொறுப்பாக்குகிறது. காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசிக்குக் காத்திருக்கும் நேரத்தை இங்கே செலவிடுவது மேல்.

அமெரிக்காவில் ‘எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம்’ என்ற கூடுதல் பாதுகாப்பு விற்கிறார்களே என்பார்கள். விற்கிறார்கள். பெயரில் இருக்கும் தாராளம் தொகையில் இல்லை. பொதுவாகக் கட்டியதில் 50 முதல் 75 சதவீதம்தான் வரும். அதுவும் முதல் முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்கி, புறப்பாட்டுக்கு இரண்டு நாள் முன்பே ரத்து செய்திருந்தால். பயந்து பின்வாங்குபவருக்கு உதவும் ஏற்பாடு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். மற்றவற்றில் பயம் ஒரு காரணமே அல்ல.

அப்படியானால் கப்பல் பயணத்துக்குக் காப்பீடே வீணா என்றால், இல்லை. அது எதற்கு என்பதில்தான் தவறிப்போகிறோம். ரத்துப் பணத்தைவிடப் பெரிய செலவு நடுக்கடலில் நோய்ப்படுவது. கப்பல் மருத்துவர் தனியார் மருத்துவர். வெளிநாட்டில் அரசு மருத்துவ உதவி பெற பிரிட்டன் தரும் ஜி.எச்.ஐ.சி. அட்டை கப்பலில் செல்லாது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர், அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போன கப்பலில் பெறும் சிகிச்சைக்குப் பணம் தராது. 2020 ஏப்ரலில், உலகத் துறைமுகங்கள் மூடிக்கிடந்த நேரத்தில், ‘எம்.எஸ்.சி. மக்னிஃபிகா’ கப்பலிலிருந்து உடல்நலம் குன்றிய ஒரு ஜெர்மானியப் பெண்ணைக் கொழும்பில் இறக்க இலங்கைக் கடற்படை தேவைப்பட்டது. ஹெலிகாப்டர், கரையில் மருத்துவமனை, ஊருக்குத் திரும்பும் விமானம் என்று ஏறும் இந்தக் கணக்குக்குத்தான் பாலிசி வேண்டும். அதிலும் சாதாரணப் பயணப் பாலிசிகள் பலவற்றில் கப்பல் பயணம் அடங்காது. தனியாகச் சேர்க்க வேண்டும். மருத்துவர் உங்களை அறையில் முடக்கினால் நாளுக்கு இவ்வளவு என்று தரும் பாலிசிகளும் சாதாரணமாக உங்கள் சொந்த நோய்க்குத்தான் தரும். நலமாக இருந்தும் கப்பலோடு சேர்த்து முடக்கப்பட்டால் தருமா என்பது வேறு கேள்வி.

முன்பணம் கட்டும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: கப்பல் பயணத்துக்கு அரசு தனியாக எச்சரிக்கை விட்டால் என் பாலிசி என்னாகும்? நடுக்கடலிலிருந்து என்னைக் கரைக்குக் கொண்டுவரும் செலவு எவ்வளவு வரை உங்களுடையது? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.