விண்மீன்களின் வெப்பம்

கத்திரி வெயிலில் நிற்கும்போது, சூரியனை மிஞ்சிய வெப்பம் உலகில் எங்கும் இருக்க முடியாது என்றே நமக்குத் தோன்றும். ஆனால் இரவில் முத்துக்களைப் போல் குளிர்ச்சியாக மின்னும் விண்மீன்களுள் பல, சூரியனைவிட வெப்பம் மிகுந்தவை! எந்த வெப்பமானியும் எட்டாத தொலைவில் உள்ள அவற்றின் வெப்பத்தை எவ்வாறு அறிகிறோம்?

விடை நிறத்தில் இருக்கிறது. கொல்லன் உலையிலிட்ட இரும்பு முதலில் சிவக்கிறது. வெப்பம் ஏற ஏற மஞ்சளாகி, பின் வெண்மையாக ஒளிர்கிறது. விண்மீன்களுக்கும் இதுவே விதி. சிவந்தவை வெப்பம் குறைந்தவை. நீலம் கலந்த வெண்மை உடையவை வெப்பம் மிகுந்தவை.

சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,500 டிகிரி சென்டிகிரேடு. செந்நிறத் திருவாதிரைக்கு அது சுமார் 3,300 டிகிரிதான். சுவாதிக்குச் சுமார் 4,000 டிகிரி. வெண்ணிறச் சிரியஸ் விண்மீனுக்கோ 9,500 டிகிரிக்கும் மேல். சித்திரை நட்சத்திரம் 20,000 டிகிரியையும் தாண்டுகிறது! அப்படியானால் வெப்பம் குறைந்த திருவாதிரை அவ்வளவு ஒளியுடன் தெரிவது எவ்வாறு? அது சூரியனைவிடப் பல நூறு மடங்கு அகன்றது என்பதே காரணம். எனவே ஒளி வேறு, வெப்பம் வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

இந்த அறிவை நாம் பெறுவதற்குப் பெண்கள் ஆற்றிய தொண்டு பெரிது. விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதில் கரிய கோடுகள் தெரியும். அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய ஆனி ஜம்ப் கேனன் அம்மையார், செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர். அவர் இக்கோடுகளைக் கொண்டு சுமார் 3,50,000 விண்மீன்களை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்னும் வகைகளில் அடுக்கினார். நம் சூரியன் ஜி வகை. இவ்வரிசை வெப்பம் மிகுந்ததிலிருந்து குறைந்ததற்கு இறங்கும் வரிசையே. அதன் காரணத்தை விளக்கும் சமன்பாட்டை 1920இல் அளித்தவர் நம் நாட்டு விஞ்ஞானி மேகநாத் சாகா.

அச்சமன்பாட்டைப் பயன்படுத்தியவர் சிசிலியா பெய்ன். பெண் என்பதால் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் அளிக்கவில்லை. எனவே 1923இல் அமெரிக்கா சென்றார். 1925இல், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று கணக்கிட்டுக் கண்டார். மூத்த அறிஞர் ரசல் இதை ஏற்கவில்லை. ஆகவே, அம்முடிவு உண்மையாக இருக்க முடியாது என்றே தம் ஆய்வேட்டில் எழுத நேர்ந்தது! நான்கே ஆண்டுகளில், 1929இல், ரசலே வேறு வழியில் ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். 1956இல் பெய்ன் ஹார்வர்டில் பேராசிரியரானார்.

அன்பு மாணவியரே, மார்கழி இரவில் கிழக்கு வானை நோக்குவோம். ஓரியன் கூட்டத்தில் செந்நிறத் திருவாதிரையும், நீலவெண்மையான ரைஜெலும் தெரியும். எது அதிக வெப்பமுடையது என்று நம் வீட்டாருக்குச் சொல்வோம். கண்டறிந்த உண்மையைப் பிறர் மறுத்தாலும், மீண்டும் கணக்கிட்டுப் பார்த்து, துணிவுடன் எடுத்துரைக்கவும் பழகுவோம்.