நின்ற கைக்கடிகாரம்

கைக்கடிகாரம் நின்றதும் அது முற்றும் பழுதாயிற்று என்று எண்ணுதல் தவறு. பழைய கைக்கடிகாரங்களுட் பல மணிக்கு 18,000 முறை துடிப்பன. நாளொன்றுக்கு அஃது 4,32,000 துடிப்பாகும். இவ்வுழைப்பிற்கு வேண்டுவது ஊசிமுனையளவு எண்ணெயே. ஆண்டுகள் செல்ல, அது தூசியொடு கலந்து பிசினாகும். 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவின் குளிர் அதனை இன்னும் தடிப்பாக்கும். ஈரம் உட்புகின் எஃகுறுப்புகள் துருப்பிடிக்கும்.

ஆதலின் திருத்துவோன் முதலில் வில்லின் முறுக்கைத் தளர்த்துவான். சில்லுகளைக் கழற்றிக் கழுவி உலர்த்திய பின்னரே எண்ணெயிடுவான். எண்ணெய் மிகினும் கேடே.

1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட 2016இல் இந்திய அரசு முடிவு செய்தது. இத்தகைய கடிகாரங்களுக்கு, பழையதொன்றிற் கழற்றிய உறுப்பே பெரும்பாலும் உயிரளிக்கிறது. ஆகவே மாணவர்காள், பெட்டியிற் கிடக்கும் பாட்டனாரின் கடிகாரத்தை எறிந்துவிடாதீர்கள். அது ஓடாவிடினும் இன்னொன்றை ஓடச்செய்யும்.