காலை உடற்பயிற்சி: தொடங்குவதும் தொடர்வதும்



ஒவ்வோர் ஆண்டும் சனவரி மாதத்து முதற் சனிக்கிழமையில், மேற்பிரிவு மாணவர்க்குப் "புத்தாண்டில் நான் மேற்கொள்ளும் உறுதி" என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுப்பது எனது வழக்கம். ஓராண்டு அக்கட்டுரைகளுட் பலவற்றில் ஒரே உறுதி காணப்பட்டது: "நாள்தோறும் காலையில் உடற்பயிற்சி செய்வேன்." சித்திரைப் புத்தாண்டு கழிந்த பின்னர், "அவ்வுறுதியை இன்றும் காப்பவர் எவர்?" என வினவினேன். ஒரு மாணவியின் கை மட்டுமே உயர்ந்தது. ஏனையோரிடம் காரணம் கேட்டபோது மாணவன் ஒருவன் கூறினான்: "அப்பாவும் நானும் சேர்ந்து தொடங்கினோம், ஆசிரியர். அப்பா நிறுத்தினார், நானும் நிறுத்திவிட்டேன்."

அவ்விடை என்னையும் சுட்டது. குருதியிற் சர்க்கரையின் அளவு எல்லையை நெருங்கிவிட்டதென வைத்தியர் எச்சரித்த பின்னரும், இருமுறை பயிற்சியைத் தொடங்கி இருமுறையும் கைவிட்டவன் நான். எனவே, தொடங்கும் ஆர்வம் நம்மிடம் இருந்தும் அது ஏன் நிலைப்பதில்லை என்பதனை ஆராய முற்பட்டேன். அவ்வாறு அறிந்தவற்றை இங்கு பாடமாகத் தருகின்றேன்.

நமக்கு ஏன் இன்றியமையாதது?

சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் மொழி. தெற்காசிய மரபினராகிய நமக்கு இம்மொழி இருமடங்கு பொருந்தும். இரண்டாம் வகை நீரிழிவு நோய் நம்மவரை ஏனையோரிலும் இளவயதிலேயே பற்றுகின்றது; உடற்பருமன் மிகுதியாகத் தோன்றாதவர்களையும் அது விடுவதில்லை. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, பொதுவாக 40 வயதைக் கடந்தோரை இந்நோய்க்கு ஆளாகக்கூடியவர் எனக் குறிப்பிடும்போது, தெற்காசியர்க்கு அவ்வயதினை 25 எனக் குறிக்கின்றது. நம் இல்லங்களில் மருந்துப் பெட்டி இல்லாத வீடு அரிதாகி வருவதை நாம் கண்கூடாகக் காண்கின்றோம்.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிகளின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடலியக்கத்தில் ஈடுபடல் வேண்டும். வளர்ந்தோர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கம் வேண்டும். காலைப்பொழுதிலேயே இவ்வளவும் நிறைவேற வேண்டும் என்பதன்று. ஆயினும் மாலையில் வீட்டுப்பாடம், விருந்தினர், தொலைக்காட்சி, களைப்பு எனத் தடைகள் பல குறுக்கிடும். காலையில் அத்தடைகள் குறைவு. ஆகவே பழக்கம் வேரூன்றுதற்குக் காலை ஏற்ற காலமாகின்றது.

பழக்கம் எவ்வாறு உருவாகின்றது?

ஒரு செயலை ஒரே சூழலில் மீண்டும் மீண்டும் செய்யும்போது, அச்சூழலே செயலை நினைவூட்டத் தொடங்குகின்றது. பல் துலக்குவதற்கு நாம் மனவுறுதி எதனையும் வரவழைப்பதில்லை. எழுந்தோம், குளியலறைக்குட் சென்றோம், கை தானாகவே தூரிகையை எடுக்கின்றது. அந்நிலையை அடைந்த செயலே பழக்கம்.

அந்நிலையை அடைய எத்துணைக் காலம் செல்லும்? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 தன்னார்வலர்களைக் கொண்டு நடாத்திய ஆய்வொன்று 2009 இல் வெளிவந்தது. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு சிறு செயலைத் தெரிந்து, நாள்தோறும் ஒரே சந்தர்ப்பத்திற் செய்துவந்தனர். செயல் தானாக நிகழும் நிலையை அடைவதற்குச் சிலருக்கு 18 நாள்களே போதியனவாயின; வேறு சிலருக்கு 254 நாள்கள் வரை தேவைப்படுமெனக் கணிக்கப்பட்டது. நடு அளவு 66 நாள்கள். நீர் அருந்துதல் போன்ற எளிய செயல்களை விட உடற்பயிற்சி பழக்கமாவதற்கு நீண்ட காலம் சென்றது.

இங்கு இரு செய்திகளை மனத்திற் கொள்க. ஒன்று, இரு வாரங்களிற் பயிற்சி இயல்பாகவில்லை என்று சோர்வடைதல் தவறு. பழக்கம் அப்போதுதான் முளைவிடுகின்றது. மற்றையது, இடையில் ஒருநாள் தவறியமையால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அவ்வாய்விற் கண்ட உண்மை. நம்மிற் பலர் ஒருநாள் தவறியதும் எல்லாம் போயிற்று என விட்டுவிடுகின்றோம். ஒருநாட் தவறு நம்மைத் தோற்கடிப்பதில்லை. மறுநாளும் தொடராது விடுவதே தோற்கடிக்கின்றது.

யப்பானியர் காட்டும் வழி

ஒரு நாடே காலைப் பயிற்சியைப் பழக்கமாக்கிய வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்கக் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் வானொலிப் பயிற்சி நிகழ்ச்சியை முன்மாதிரியாகக் கொண்டு, யப்பானில் 1928 நவம்பர் மாதம் வானொலி உடற்பயிற்சி தொடங்கப்பட்டது. போர்க்காலத்தில் அரசு அதனைத் தன் நோக்கங்களுக்கும் பயன்படுத்திற்று. போருக்குப் பின்னர் சில ஆண்டுகள் நின்றுபோய், 1951 இற் புதிய வடிவம் பெற்று, இன்றும் காலை 6.30 மணிக்கு ஒலிபரப்பாகின்றது.

அதன் முதலாம் தொகுதியில் 13 அசைவுகளே உள்ளன. பியானோ இசைக்கேற்பக் கைகளை உயர்த்துதல், இடுப்பை வளைத்தல், மெல்லத் துள்ளுதல் என மூன்று நிமிடங்களில் அது நிறைவுறும். தனியான உடையோ கருவியோ வேண்டியதில்லை. கோடை விடுமுறையிற் சிறுவர்கள் அயலிலுள்ள பூங்காவிற் கூடிப் பயிற்சி செய்து, கழுத்திற் தொங்கும் அட்டையில் அன்றைய முத்திரையைப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் தலைமுறைகளாக அங்கு நிலவி வந்துள்ளது.

இதிலிருந்து நாம் கற்கத் தக்கன ஐந்து: நேரம் மாறாமை, அளவு சிறிதாயிருத்தல், செய்முறை எளிதாயிருத்தல், பலர் கூடிச் செய்தல், செய்ததை அடையாளமிடல்.

நம் இல்லங்களிற் செய்யத் தக்கவை

முதலாவது, நாளும் தவறாது நிகழும் ஒரு செயலோடு பயிற்சியைப் பிணைத்துவிடுக. எனது மூன்றாம் முயற்சியிற் தேநீருக்காகக் கேத்திலில் நீர் வைத்தவுடன் பயிற்சியைத் தொடங்கினேன். நீர் கொதித்து முடிவதற்குள் கை கால்களை நீட்டி மடக்கி, நாற்காலியில் இருந்து எழும் பயிற்சியைப் பத்துமுறை செய்துவிடலாம். முன்னர் "நாள்தோறும் அரைமணி நேரம் ஓடுவேன்" என்று தொடங்கித் தோற்றவன், இச்சிறு தொடக்கத்தால் நிலைபெற்றேன். அளவு பின்னர் தானாக வளர்ந்தது.

இரண்டாவது, ஆயத்தங்களை முதல்நாள் இரவே முடித்துவிடுக. உடையும் சப்பாத்தும் கண்ணெதிரே இருத்தல் வேண்டும். காலையில் அவற்றைத் தேடும் வேளையில் மனம் ஆயிரம் காரணங்களைக் கண்டுபிடித்துவிடும்.

மூன்றாவது, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு நாட்காட்டியை ஒட்டி, பயிற்சி செய்த நாளில் ஒவ்வொருவரும் தத்தம் நிறத்தால் அடையாளமிடுக. இப்பணியை வீட்டின் இளைய பிள்ளையிடம் ஒப்படைத்தால் எவரும் ஏய்த்தல் இயலாது.

நான்காவது, உறக்கத்தைக் களவாடிப் பயிற்சி செய்தலாகாது. வளரிளம் பருவத்தினர்க்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. ஆகவே காலைப் பயிற்சி உண்மையில் முந்திய இரவிலேயே, கைத்தொலைபேசியை அறைக்கு வெளியே வைத்துவிட்டு உறங்கச் செல்லும்போது தொடங்குகின்றது.

பனிக்காலமும் இரவு வேலையும்

இலண்டனில் சூன் மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே புலர்ந்துவிடும். திசெம்பர் இறுதியிலோ எட்டு மணிக்குப் பின்னரே கதிரவன் எழுகின்றான். கோடையில் வளர்த்த பழக்கம் பனிக்காலத்தில் மடிவதற்கு இதுவே பெருங்காரணம். எனவே வெளியிற் செய்யும் பயிற்சி ஒன்றும், வீட்டினுள் விளக்கேற்றிச் செய்யும் பயிற்சி ஒன்றுமாக இரண்டினை வைத்திருத்தல் நலம். அடுக்குமாடியில் வாழ்வோர் துள்ளற் பயிற்சிகளை விடுத்து, சுவரைத் தள்ளுதல், படியில் ஏறி இறங்குதல் போன்றவற்றைத் தெரிந்துகொண்டால் கீழ்வீட்டாருக்கும் தொல்லையில்லை. எழுந்தவுடன் உடல் விறைப்பாக இருக்குமாதலால் மெல்லிய அசைவுகளுடன் தொடங்குக. ஈளை நோயுள்ளோர்க்குக் குளிர்காற்றும், நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ கொள்வோர்க்கு வெறுவயிற்றுப் பயிற்சியும் ஊறு செய்யக்கூடுமாதலின், அவர்கள் வைத்தியரைக் கேட்டுச் செய்தல் வேண்டும்.

இரவு வேலை செய்யும் பெற்றோர் நம்மிடையே பலர். அவர்கள் விடியலில் வீடு திரும்பி, நண்பகலிற் துயிலெழுவர். அவர்களுக்கு அந்நண்பகலே காலை. பழக்கத்திற்கு வேண்டியது கடிகாரத்தின் குறித்த எண்ணன்று. எழுந்தவுடன் செய்தல் என்னும் மாறாத வரிசையே.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

பிள்ளைகள் நாம் சொல்வதினும் நாம் செய்வதையே கற்கின்றனர். தமிழ்மொழியைக் கற்பிக்கும்போது இதனை நாம் நன்கறிவோம். வீட்டிற் பேசாத மொழி வகுப்பில் வளர்வதில்லை. உடற்பயிற்சியும் அவ்வாறே. முற்கூறிய மாணவன் தன் தந்தையைக் குறை கூறவில்லை. தந்தையைப் பின்பற்றினான், அவ்வளவே. அடுத்த மாதம் அவனுடைய தந்தையாரிடம் இதனைக் கூறினேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், "அப்படியானால் நான் திரும்பத் தொடங்கினால் அவனும் தொடங்குவான், ஆசிரியர்" என்றார். அவ்விருவரும் இன்று சனிக்கிழமைகளிற் பள்ளிக்கு நடந்தே வருகின்றனர்.

ஐந்தில் வளைந்தது ஐம்பதிலும் வளையும். இன்றிரவே சப்பாத்தை எடுத்து வைப்போம்; நாளை காலை மூன்று நிமிடங்கள் முயல்வோம்; அடுத்த விழா மலர் வெளிவரும் நாளில் நம் நாட்காட்டியை ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்வோம்.

பயிற்சி

1. பழக்கம் என்பது யாது? உமது வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
2. யப்பானிய வானொலிப் பயிற்சி நிலைபெற்றமைக்கான காரணங்களைக் கூறுக.
3. ஒருநாள் பயிற்சி தவறிவிட்டால் நீர் யாது செய்வீர்? ஏன்?
4. உமது பெற்றோருடன் கலந்து பேசி, உங்கள் குடும்பத்திற்கேற்ற மூன்று நிமிடப் பயிற்சி ஒன்றினைத் தமிழில் எழுதி வருக.